நின்றால் போதும் என்று கேட்டேன்

ஆண்டவருக்கும் மாதாவுக்கும் நன்றி சொல்லத்தான் இங்கே எழுந்து நிற்கிறேன். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டுமென்றால் பொறாமையிலிருந்துதான் தொடங்க வேண்டும். பவுலின் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் முகத்துக்கு நேரேதான் சொல்லப் போகிறேன். அவளுக்கு எல்லாம் தெரியும்.

என் பெயர் லூர்தம்மாள். என் வீட்டுக்காரர் மிக்கேல். பவுலின் பக்கத்து வீடு, நடுவில் ஒரு சுவர்தான். இரண்டு பேருக்கும் ஒரே வருடம் கல்யாணம். அவள் புருஷன் தொம்மையும் இவரும் ஒரே தோணியில் வேலை. அப்போது புதுத் துறைமுகம் கட்டி முடியவில்லை. கப்பல் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டுவரும்.

எழுபத்து மூன்றாம் வருடம், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம். காலையில் குசினியில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பவுலின் கத்தினாள்.

"ஏளா லூர்து, துறைக்கு ஓடியா! நம்ம ஆளுக ரெண்டு பேரும் அடிபட்டுக் கெடக்காவளாம்!"

கையில் ஒட்டிய செதிலோடு ஓடினேன். தோணி கப்பலை ஒட்டி நின்றபோது பெரிய அலை ஒன்று வந்து சாய்த்திருக்கிறது. அடுக்கியிருந்த உரமூடை அப்படியே சரிந்துவிட்டது. இவருக்கும் தொம்மைக்கும் ஆளுக்கு ஒரு கால் தோணியின் உள்கட்டைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. மேலே மூடை விழுந்ததும் கால் முட்டு மடங்கக் கூடாத பக்கமாக மடங்கிவிட்டது. ஒரே அலை, ஒரே மூடை, ஒரே முட்டு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வருடக்கணக்கில் மாதாவிடம் சொல்லிச் சொல்லிச் சண்டை போட்டது இதை வைத்துத்தான்.

கைவண்டியில் இருவரையும் கிடத்தியிருந்தார்கள். இவருக்கு முட்டுக்குக் கீழே கால் கோணிக்கொண்டு, வேறு யாருடைய காலையோ கொண்டுவந்து ஒட்டவைத்த மாதிரி கிடந்தது. எனக்குக் கண் இருட்டியது. இவரோ பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏளா, சாளையப் பூனைக்கு விட்டுட்டா வந்த?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் அப்படிப்பட்ட ஆள்.

ஊர் ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்து இரண்டு முட்டையும் இழுத்து இடத்தில் வைத்தார்கள். எங்கள் தோணியை ஓட்டுகிற தண்டல் வெளியே வந்து, "சரியாப் போச்சு, ரெண்டு முட்டும் உள்ள போயிட்டு" என்றார். நானும் பவுலினும் கட்டிப்பிடித்து அழுதோம். அப்படி அழுததுதான் கடைசி. பிறகு இரண்டு வருடம் நான் அவளைத் தொடவில்லை.

டாக்டர் தொம்மையின் பாதத்தில் விரலை வைத்துப் பார்த்தார். "நாடி ஓடுது" என்றார். இவர் பாதத்தில் வைத்தார். கணுக்காலில் வைத்தார். மறுபடியும் பாதத்தில். 

"இங்க நாடியே இல்ல. முட்டுக்குப் பின்னால ரத்தக்குழாய் அறுந்திருக்கும். உடனே பாளையங்கோட்டைக்குக் கொண்டு போங்க. நேரமானா கால எடுக்க வேண்டியது வரும்" என்றார்.

பவுலின் நெற்றியில் குருசு போட்டுக்கொண்டாள். அவள் புருஷனுக்காகப் போட்டாளா, என் புருஷனுக்காகப் போட்டாளா, அதை இன்றைக்கு வரை நான் கேட்கவில்லை. போட்டுக்கொண்டு, "மாதாவுக்கு வெள்ளியில ஒரு கால் செஞ்சு வைக்கேன்னு நேந்திருக்கேன்ளா. நீயும் எதாவது நேந்துக்கோ" என்றாள்.

நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. இவள் புருஷனுக்கு நாடி ஓடுகிறது, என் புருஷனுக்கு ஓடவில்லை, இதில் இவள் எனக்கு நேர்ச்சை சொல்லிக் கொடுக்கிறாளா? அவளுடைய வெள்ளிக்காலைவிடப் பெரிதாக ஏதாவது சொல்லியாக வேண்டும். வாயில் வந்ததை வராந்தா முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

"எம்புருஷனுக்குக் கால் தப்பிச்சா, கோவில் வாசல்லருந்து பீடம் வரைக்கும் அவரு முட்டுப் போட்டே வருவாரு!"

எல்லோரும் "ஆமென்" என்றார்கள். தண்டல்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முட்டு கழன்று கிடக்கிற மனுஷனை முட்டுப் போட்டு நடக்க வைக்கிறேன் என்று நேர்ந்திருக்கிறேன். அங்கே நின்ற ஒரு ஜீவனுக்கும் அது உறைக்கவில்லை. நம் ஊரில் முட்டு நடை என்றால் அவ்வளவு பழக்கம்.

தண்டல் ஒரு கார் பிடித்தார். ஏறும்போது மெதுவாக, "எண்ணெய் போட்டுக் கட்டுத வைத்தியர் ஒருத்தரு இருக்காரு, ஒரு எட்டு அங்கன காட்டிட்டுப் போவமா?" என்று கேட்டார். "அண்ணாச்சி, டாக்டர் பாளையங்கோட்டைன்னா பாளையங்கோட்டைதான். வண்டிய எங்கயாவது நிறுத்துனிய, நான் எறங்கித் தள்ளுவேன்" என்றேன். அந்த ஒரு விஷயத்திலாவது ஆண்டவர் என் வாயைச் சரியாகப் பயன்படுத்தினார்.

வழி முழுக்க இவர் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரி குளிர்ந்திருந்தது. தேய்த்தேன், ஊதினேன், முந்தானையால் சுற்றினேன். சூடு வரவில்லை. விரல்களில் நிறம் மாறிக்கொண்டே வந்தது. இவர் பேச்சை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பெரிய பயம். வல்லநாட்டு மலை தெரிந்தபோது என் தைரியம் எல்லாம் போய்விட்டது. அப்போது பவுலின் இல்லை, வராந்தா இல்லை, கேட்க யாரும் இல்லை. மூக்கு ஒழுக ஒழுகக் கேட்டேன்.

"மாதாவே, ஓட வேண்டாம். தோணி ஏற வேண்டாம். எம்புருஷன நிக்க வச்சிரு. ரெண்டு கால்ல நின்னாப் போதும். வேற ஒண்ணுமே கேக்க மாட்டேன்."

அதுதான் ஜெபம். வராந்தாவில் கத்தியது ஜெபம் இல்லை.

பாளையங்கோட்டையில் வாசலிலிருந்தே தள்ளுவண்டியில் வைத்து ஆபரேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நல்ல காலிலிருந்து ஒரு குழாயை எடுத்து, அறுந்த இடத்தில் வைத்துத் தைக்க வேண்டும் என்றார் டாக்டர். பிழைக்கும் என்று சொல்லவில்லை, பார்க்கலாம் என்றார். நான் வராந்தாவில் உட்கார்ந்து செபமாலை சொன்னேன். சொல்லும்போதே புத்தி எங்கே போகிறது பாருங்கள்: தொம்மை இந்நேரம் கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்திருப்பான், பவுலின் விசிறிக்கொண்டிருப்பாள். செபமாலையில் அடுத்த மணிக்குப் போவேன். தொட்டுக்கொள்ளத் துவையல் அரைத்திருப்பாள். அடுத்த மணி.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்தார். சட்டை நனைந்திருந்தது. "உள்ள வாங்கம்மா. தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டேன்.

சூடு இருந்தது. என் கையைவிட அந்தப் பாதத்தில் சூடு இருந்தது.

நாடி துடிக்கிற இடத்தில் பேனாவால் இரண்டு கோடு குறுக்கே போட்டு வைத்திருந்தார்கள், நர்சுகள் அடிக்கடி தொட்டுப் பார்ப்பதற்காக. அவர்களுக்கு அது அடையாளம். எனக்கு அது குருசு. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டே அந்த ராத்திரி தூங்கிப்போனேன்.

அன்றைக்கே என் ஜெபம் கேட்கப்பட்டாகிவிட்டது. இவ்வளவோடு முடித்துவிட்டு நான் உட்கார்ந்தால் நல்ல சாட்சி. ஆனால் நான் நல்லபடியாக இருக்கவில்லையே.

கெண்டைக்காலில் வீக்கம் இறங்குவதற்காகக் கீறி வைத்த புண் ஆற, தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்டினார்கள். பாதம் தொங்கிப்போனது. பெருவிரலைத் தூக்கச் சொன்னால் இவர் முகம்தான் சுருங்கும், விரல் அசையாது. தொடை வரைக்கும் மாவுக்கட்டு. பாஸ்குத் திருநாள் முடிந்து தண்டல் பார்க்க வந்தார். வந்தவர் சும்மா இருக்கக் கூடாதா?

"தொம்மை கம்பு ஊணிக்கிட்டுப் பூசைக்கே வந்துட்டான்ளா. சோறு நல்லாத் திங்கான்."

"சந்தோசம் அண்ணாச்சி" என்றேன். கையில் இவருக்காக உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சு பிதுங்கிச் சேலையெல்லாம் சாறு.

அடுத்த தடவை வந்தவர்கள், தொம்மைக்கு மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று என்றார்கள். அதற்கடுத்து வந்தவர்கள், முட்டு மடங்குகிறது என்றார்கள். எனக்கு யார் வந்தாலும் பிடிக்காமல் போயிற்று.

எங்களுக்கும் ஒருநாள் கட்டைப் பிரித்தார்கள். கால் குச்சி மாதிரி மெலிந்திருந்தது. பெருவிரல் லேசாக அசைய ஆரம்பித்திருந்தது. முட்டு மட்டும் கட்டைதான்.

"கொஞ்சம்தான் மடங்கும்மா" என்றார் டாக்டர். "முட்டப் புடிச்சு வச்சிருக்குற கட்டு எல்லாம் அறுந்துபோச்சு. நிறைய மடக்கப் பாத்தா ஆட்டம் கண்டுரும். இப்ப வெறப்பா இருந்தாலும் உறுதியா இருக்கு. நாள் பூராவும் நிக்கலாம்."

"முட்டுப் போடலாமா டாக்டர்?"

"எங்க?"

"கோவில்ல."

அவர் என்னையே பார்த்தார். "சாமி கோவிச்சுக்காதும்மா, நிக்கச் சொல்லுங்க" என்றார்.

அவருக்கு என்ன, எளிதாகச் சொல்லிவிட்டார். ஊருக்குத் திரும்பும்போது எனக்குக் கால் தப்பிய சந்தோஷத்தைவிட, வாசலில் பவுலின் நிற்பாளே என்ற எரிச்சல்தான் பெரிதாக இருந்தது. நின்றாள். கண்ணில் தண்ணீரோடு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் தொம்மை சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் விருட்டென்று எழுந்து ஓடிவந்தான். அந்தச் சப்பணத்தையும், அந்த விருட்டையும் நான் மறக்கவே இல்லை.

பிறகு நான் பட்ட வயிற்றெரிச்சலைக் கேளுங்கள். தொம்மை தோணிக்குப் போனான். இவர் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தொம்மை தரையில் உட்கார்ந்து சாப்பிட்டான். இவருக்கு ஸ்டூல் வாங்க வேண்டியிருந்தது. தொம்மை சைக்கிளில் எங்கள் வாசலைத் தாண்டும்போது மணி அடிப்பான், மரியாதைக்காக. என் காதுக்கு அது, "பார், என் முட்டைப் பார்" என்று கேட்கும். பவுலினுடைய வெள்ளிக்கால் மாதா பீடத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. பூசையில் என் கண் வேறெங்கும் போகாது. அது முட்டில் மடங்கின மாதிரி வேறு செய்திருந்தான் ஆசாரி.

எல்லாவற்றையும்விட, பூசையில் சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டும்போது அடிக்கிற எழுந்தேற்ற மணிதான் என்னைக் கொன்றது. மணி அடித்ததும் கோவிலில் உள்ள அத்தனை பேரும் முட்டுப் போடுவோம் இல்லையா? இவர் ஒருத்தர் மட்டும் ஆண்கள் பக்கம் நெட்டமாக நிற்பார். தொம்மை இவர் காலடியில் பதவிசாக முட்டுப் போட்டிருப்பான். சின்னப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும். நான் தலையைக் குனிந்துகொண்டு மாதாவிடம், "ஒரே அலை, ஒரே மூடை, ஒரே முட்டு. அவளுக்கு மட்டும் ஏன்?" என்று கேட்பேன். ஆராதனை நேரத்தில் எல்லோரும் கேட்பது ஒன்று, நான் கேட்பது இது.

துறையில் கிரேன்காரனுக்குக் கீழே நின்று கையைக் காட்டி மூடையை ஏற்று, இறக்கு என்று சொல்லும் வேலையைத் தண்டல் இவருக்கு வாங்கிக் கொடுத்தார். காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்க வேண்டும். இவர் நின்றார். நான் அதையும் கவனிக்கவில்லை.

எழுபத்தைந்தில் மாதா திருவிழாவுக்குக் கொடி ஏறிற்று. பவுலின் சுவர் வழியாக எட்டிப் பார்த்து, "ஏளா, ஒன் நேர்ச்ச இந்த வருசமாவது உண்டா?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். "என்னளா, குத்திக் காட்டுதியா? ஒம்புருஷன் முட்டு மடங்குதுன்னு ஊரெல்லாம் மணியடிச்சுக் காட்டுதிய, அது பத்தாதா?" என்று பிடித்துக்கொண்டேன். அவள், "அந்த மணிய வேணும்னா கழத்திரச் சொல்லுதேன்ளா" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. அவளுக்கு அழவும் நன்றாக வருகிறதே என்று.

அன்றைக்கு மத்தியானம் நல்லெண்ணெயைச் சூடு பண்ணி இவர் முட்டில் தேய்த்து மடக்க ஆரம்பித்தேன். கொஞ்சம் போயிற்று. இன்னும் கொஞ்சம் அமுக்கினேன். இவர் ஸ்டூலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஏளா, கால் எனக்குத்தான். எதுக்கு இவ்வளவு அவசரம்?"

அப்போதுதான் சொன்னேன். வராந்தாவில் நேர்ந்ததை, பவுலினைவிடப் பெரிதாகச் சொல்ல வேண்டும் என்று சொன்னதை, ஒன்றும் விடாமல். இரண்டு வருடமாக இவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். ஸ்டூலிலிருந்து விழுகிற அளவுக்குச் சிரித்தார்.

"முட்டு போனவனுக்கு முட்டுப் போடுதேன்னு நேந்தவ இந்தக் கடக்கரையிலயே நீ ஒருத்திதாம்ளா!"

"சிரிக்கியளே. மாதாவுக்கு இப்ப என்ன பதில் சொல்ல?"

சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நேந்த வாய் ஒன்னுது. முட்டும் ஒன்னுதா இருக்கட்டும். நான் கூட வாரேன்."

பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டோம். அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அது போதும் என்றார்.

திருவிழாவுக்கு மறுநாள் பூசைக்குப் பிறகு கோவில் வாசலில் முட்டுப் போட்டேன். அந்த முற்றம் உங்களுக்குத் தெரியும். மணலும் சிப்பித் துண்டும். என் தோளில் இவர் கையை வைத்துக்கொண்டு, அந்தக் காலை வீசி வீசிப் பக்கத்திலேயே நடந்துவந்தார். கொஞ்ச தூரத்திலேயே சிப்பி குத்தி முட்டு கிழிந்தது. அடுத்த மனுஷன் முட்டை வைத்து நேர்வது எவ்வளவு லேசு என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

தலையைக் குனிந்தபடி போன எனக்கு முன்னால் ஒரு முந்தானை தெரிந்தது. பவுலின். குனிந்து பின்பக்கமாக நடந்துகொண்டே, எனக்கு முன்னால் கிடக்கிற சிப்பிகளைக் கையால் தள்ளிவிட்டுக்கொண்டு போகிறாள். உண்மையைச் சொல்கிறேன், அப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் நேர்ச்சையிலும் பங்குக்கு வருகிறாளே என்று! "தள்ளிப் போளா" என்றேன். "நீ பேசாம வாளா" என்றாள். போகவில்லை. பீடம் வரைக்கும் அப்படியே குனிந்தே வந்தாள்.

பீடத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்ததும் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. பவுலின் கை கொடுத்தாள், தானும் மூச்சு வாங்கிக்கொண்டு தள்ளாடினாள். தொம்மை ஓடிவந்து எனக்குப் பக்கத்தில் முட்டுப் போட்டுத் தூக்கப் பார்த்தான். மடங்குகிற முட்டு, பாரத்துக்கு ஆடியது. அவனுக்கும் உள்ளே கட்டு அறுந்த முட்டுதானே? இரண்டு வருடமாக அந்த முட்டை முறைத்துப் பார்த்த எனக்கு, அது ஆடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் முகம் வலியில் சுண்டியது. பவுலின் பயந்துபோய், "ஏங்க, பைய!" என்றாள். அந்தக் குரலில் இருந்த பயம் எனக்கு நன்றாகத் தெரிந்த பயம். காரில் நான் பட்ட அதே பயம்.

"ஏலே, நீ தள்ளு" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த விறைத்த காலை முன்னால் ஊன்றினார். என் இரண்டு கையையும் பிடித்தார். ஒரே இழுப்பு. என் பாரம் முழுக்க அந்தக் காலில்தான் விழுந்தது. தோணி கட்டுகிற கல் மாதிரி அது அசையவே இல்லை. நான் எழுந்து நின்றேன். என் முகம் இவர் நெஞ்சில் முட்டியது. இவர் நின்றுகொண்டிருந்தார்.

வல்லநாட்டு மலையும், அந்தக் காரும், மடியில் குளிர்ந்த பாதமும் ஞாபகத்துக்கு வந்தது. நின்றால் போதும் என்று யார் கேட்டது? நான். வேறொன்றும் கேட்க மாட்டேன் என்று யார் சொன்னது? நான். கேட்டதைக் கேட்டபடி கொடுத்துவிட்டு, இரண்டு வருடம் என் வசவையும் கேட்டுக்கொண்டு மாதா பொறுமையாக இருந்திருக்கிறாள். பீடத்துக்கு முன்னால் நின்று ஓவென்று அழுதேன். பவுலினைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் சேலையெல்லாம் என் ரத்தம். 

இப்போது நாங்கள் நன்றாக இருக்கிறோம். சுவருக்கு மேலே குழம்பு போகிறது, வருகிறது. தொம்மைக்கு மழைக்காலத்தில் முட்டு வீங்கினால் பவுலின் எனக்காகவும் சேர்த்து அழுவாள், நான் அவளுக்காகவும் சேர்த்துச் செபம் பண்ணுவேன். பொறாமை சுத்தமாகப் போய்விட்டதா என்று மட்டும் கேட்காதீர்கள். தொம்மை சைக்கிள் மணி அடிக்கும்போது இன்னும் உள்ளே ஒரு நெருடல் இருக்கத்தான் செய்கிறது. உடனே "மாதாவே" என்பேன். போய்விடும்.

இங்கே இருப்பவர்களில் கஷ்டத்தோடு வந்தவர்கள் இருப்பீர்கள். வீட்டில் யாராவது படுத்திருக்கலாம். பக்கத்து வீட்டில் எல்லாம் சுகமாகிவிட்டது, நமக்கு மட்டும் ஏன் இப்படி என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். கேளுங்கள், மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள். என்னிடமே கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் யாரும் பார்க்காத இடத்தில் மூக்கு ஒழுக நீங்கள் என்ன கேட்டீர்களோ, அதை மட்டும் மறந்துவிடாதீர்கள். அது எங்கேயாவது கிடைத்திருக்கிறதா என்று வீட்டுக்குள்ளேயே ஒருதரம் தேடிப் பாருங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசையில் எழுந்தேற்ற மணி அடிக்கும்போது ஆண்கள் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். ஊரே முட்டுப் போட்டிருக்கும்போது ஒரே ஒரு ஆள் நெட்டமாக நிற்பார். முன்பு நான் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன். இப்போது நிமிர்ந்து பார்க்கிறேன். நான் கேட்டது அங்கே நிற்கிறது.